பொருள்: ‘ஃப்ராக்’குக்குத் தமிழ் – பவளக் கரணை?

கோலாலம்பூரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் நம்மவர் சிலர் சேர்ந்து, புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்குத் தமிழில் ஒரு சிறு கையேடு தயாரிக்கிறோம். உப்படர்த்தி, நீரோட்டம், சுண்ணாம்புச் சத்து என்று பாதி வேலை ஓடிவிட்டது. ‘ஃப்ராக்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறோம்.

தொட்டி வைக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உயிருள்ள பவளக் கிளையை எலும்பு வெட்டும் கத்தரியால் விரற்கடை நீளத்துக்கு நறுக்கினால் கொழகொழவென்று சளி விடும். அதை அலசிவிட்டு, வெட்டுவாயில் சூப்பர் குளூ ஜெல் வைத்து ஒரு பீங்கான் வில்லையில் நிறுத்தி, வெளிச்சமும் நீரோட்டமும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். சில வாரங்களில் அடிப்பக்கச் சதை வழிந்து பசையை மூடி, வில்லையின் மேல் படர்ந்து பிடித்துக்கொள்ளும். அப்புறம் அது தனிப் பவளம். அது கிளை விட்டால் அதையும் நறுக்கலாம். நறுக்கிய அந்தத் துண்டுதான் ஃப்ராக்.

வந்த யோசனைகளைப் பார்த்தேன். ‘துண்டு’ எனக்குப் பிடிக்கவில்லை. கடற்கரையில் கிடக்கும் செத்த சுண்ணாம்புக் கட்டியும் பவளத் துண்டுதானே? ‘ஒட்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பசை வைக்கிறோம் என்பதால் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் தாத்தா காலத்து ரப்பர்த் தோட்டத்தில் ஒட்டுக்கன்று என்றால், ஒரு கன்றின் தண்டில் வேறு மரத்தின் மொட்டைச் செருகிக் கட்டியது. அதில் இரண்டு உயிர் சேர்கிறது. இங்கே இருப்பது ஒன்றுதான். ‘நாற்று’ விதையிலிருந்து வருவது. பவளத்துக்கும் அப்படி ஒரு வழி உண்டு: முட்டையும் விந்தும் கடல்நீரில் கலந்து, இளம்புழு மிதந்து போய் ஓரிடத்தில் ஒட்டி வளரும். நாற்றை அதற்கு விட்டுவைப்போம்.

என் பரிந்துரை ‘கரணை’. கரும்பைக் கணுவோடு நறுக்கி நடுகிறார்களே, அந்த விதைக்கரணை. நறுக்கியது, உயிருள்ளது, நட்டால் தாயைப் போலவே வளர்வது, எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கூடவே மற்ற சொற்களும் கிடைத்துவிடுகின்றன. நறுக்கி எடுக்கும் பெரிய பவளம் தாய்ப்பவளம். வரிசையாக வைத்து வளர்க்கும் தட்டு நாற்றங்கால் (விதையில்லாமல் நாற்றங்காலா என்று கேட்பீர்கள், சவுக்குப் போத்தையும் நாற்றங்காலில்தான் வளர்க்கிறார்கள்). கரும்புக் கரணையை நடுவதற்கு முன் மருந்துக் கரைசலில் நனைப்பதற்குக் கரணை நேர்த்தி என்று பெயர். நாங்களும் புதிதாக வாங்கிய பவளத்தை அயோடின் கரைசலில் முக்கி ஆட்டுகிறோம், ஒட்டியிருக்கும் தட்டைப்புழு உதிரட்டும் என்று. ‘டிப்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியவில்லை.

பினாங்கிலிருந்து:

தம்பி, கரணை நல்ல சொல்தான். ஆனால் என் மாணவர்கள் கரும்பைப் பார்ப்பது இரவுச் சந்தையில் சாறு பிழியும் இயந்திரத்தில்தான். கரணை என்றால் கிழங்கா டீச்சர் என்று கேட்பார்கள். பரவாயில்லை, ஒரு படம் போட்டால் புரிந்துவிடும். பவளத்தை உயிர் என்று புரியவைப்பதுதான் பெரிய பாடு. மலாயில் ‘பத்து காராங்’ (‘பத்து’ என்றால் கல்), தமிழில் ‘பவளப்பாறை’, இரண்டிலும் கல் வந்து உட்கார்ந்திருக்கிறது. வெளிறிய பவளத்தைப் பற்றி வகுப்பில் பேசினால், கல்லுக்கு எப்படிக் காய்ச்சல் வரும் என்கிறார்கள். 2010இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது தியோமான், ரெடாங்கோடு நம் பக்கத்துப் பாயார் தீவிலும் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை மூடினார்கள் என்று சொன்னால்தான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

எனக்கு ஒரு பயம் உண்டு. கரணை என்ற சொல்லிலேயே ஒரு நல்ல பெயர் இருக்கிறது. விவசாயி வளர்த்ததைப் போல ஒலிக்கிறது. நாளைக்கு ஒரு கடைக்காரர் கடலடியில் உளி வைத்து உடைத்த கொத்தை நாலாக நறுக்கி, வில்லையில் ஒட்டிக் ‘கரணை’ என்று விற்றால்? வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியுமா? அதற்கும் ஒரு பெயர் வையுங்கள். வைக்காவிட்டால் உங்கள் சொல் அதையும் மூடி மறைத்துவிடும்.

அப்புறம், பொத்தான் பவளத்தை நறுக்குவது பற்றி எழுதினால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் பாலிடாக்சின் கொடிய நஞ்சு. அது ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போடவே கூடாது. ஆவியே ஆளைப் படுக்கவைத்துவிடும்.

தூத்துக்குடியிலிருந்து:

கையேட்டை இந்தியாவில் யாராவது படித்தால் சிக்கலாகும் என்பதால் ஒரு வரி. எங்கள் பக்கம் பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாக வெட்டி எடுத்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். இப்போது அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் வளர்க்கிறார்கள். அலையிலும் நங்கூரத்திலும் பட்டுத் தானாக உடைந்து கிடப்பதையும் இப்படி நட்டு வளர்க்க முடியும். அதைக் கரணை என்றும் சொல்ல முடியாது, டீச்சர் பயப்படுவதோடும் சேர்க்க முடியாது. ‘உதிரி’ என்று வைக்கலாமா?

கோலாலம்பூரிலிருந்து:

உதிரி அருமை, எடுத்துக்கொள்கிறேன். டீச்சர் கேட்டதற்கு ‘ஒடிப்பு’ என்று வைப்போம். கடலில் ஒடித்தது ஒடிப்பு. எத்தனை துண்டாக நறுக்கி எந்த வில்லையில் ஒட்டினாலும் அது ஒடிப்புத்தான். வளர்ப்பில் இருக்கும் தாய்ப்பவளத்திலிருந்து வந்தால் மட்டும் கரணை. அதிலும் தொட்டிக் கரணை, கடற்பண்ணைக் கரணை என்று இரண்டு வகை வேண்டும். இந்தோனேசியாவிலிருந்து வருவதில் கடலுக்குள் மேடை போட்டு வளர்த்ததும் நிறைய உண்டு.

இது நாமாகக் கிளப்பும் பிரிவினை இல்லை. கற்பவளங்கள் அத்தனையும், அருகிவரும் உயிரினங்களின் நாடுகடந்த வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை. அனுமதித் தாளில் மூலம் என்ன என்று ஓர் எழுத்து இருக்கும். கடலில் எடுத்ததற்கு ‘டபிள்யூ’. கடையில் அந்த எழுத்தைக் கேட்கிற பழக்கம் நம்மிடம் இல்லை. கையேட்டில் கரணை வரும் முதல் பக்கத்திலேயே இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். மீனுக்கும் இதே கேள்விதான். சுலாவேசிக்குப் பக்கத்தில் பங்காய் தீவுகளில் மட்டும் இயற்கையாக வாழும் பங்காய் கார்டினல் மீனைத் தொட்டிகளுக்காகவே பிடித்துப் பிடித்து, 2007இல் அது அருகிவரும் இனங்களின் பட்டியலில் ஏறியது. இத்தனைக்கும் ஆண்மீன் முட்டையை வாயில் வைத்துக் காத்துக் குஞ்சு பொரிக்கும், தொட்டியிலேயே பெருகும் மீன் அது. வளர்த்ததை வாங்க முடியும்போது கடலில் பிடித்ததைக் கேட்பது எனக்குச் சோம்பலாகவே படுகிறது.

ஒரு நண்பர் தனிமடலில், “கரணை போட்டே கடலை நிரப்பிவிடலாமே” என்று எழுதியிருந்தார். முடியாது. ஒரு தாயின் கரணை எல்லாவற்றுக்கும் ஒரே மரபணுத்தான். கரும்பில் செவ்வழுகல் நோய் விதைக்கரணை வழியாகவே வயலுக்குப் போகும். ஓர் இரகத்துக்கு ஆகாதது வந்தால் வயல் முழுக்கப் போகும். பவளமும் அப்படித்தான். ஒரு தாய்க்குத் தாங்காத சூடு அதன் ஆயிரம் கரணைக்கும் தாங்காது. கடலுக்குப் பல தாய்களும் வேண்டும், நாற்றும் வேண்டும். 2023 கோடையில் ஃபுளோரிடாவில் கடல் சூடேறியபோது, கடலடி நாற்றங்காலில் இருந்தவற்றை அள்ளிக் கொண்டுவந்து கரையிலுள்ள தொட்டிகளில் வைத்துக் காப்பாற்றினார்கள். தொட்டிக்காரனாக எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான், மறைக்கவில்லை.

ஆக கரணை, ஒடிப்பு, உதிரி, தாய்ப்பவளம், கரணை நேர்த்தி. மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பிளீச்சிங்’குக்கு வெளிறலா வெளுப்பா என்பதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன். வெளுப்பு என்றால் சலவைக்கடை ஞாபகம் வருகிறது என்று வீட்டில் ஏற்கெனவே ஒரு ஓட்டு விழுந்திருக்கிறது.