உலுக்கியா, அதிர்ப்பியா? விளக்கை ஆட்டிப் பார்க்கும் இயந்திரத்துக்கு ஒரு பெயர் வேண்டும்

கோவை பட்டறையிலிருந்து, திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை பெயர்ப்பலகை வெட்டக் கொடுக்க வேண்டும். அதற்குள் ஒரு சொல் தந்தால் புண்ணியமாகப் போகும்.

தொழிற்சாலை விளக்குகளைச் சோதிக்க ஓர் இயந்திரம் வடிவமைத்திருக்கிறோம். கல் உடைக்கும் கிரஷர், வார்ப்பு நொறுக்கும் இடம், மேலே ஓடும் கிரேன் ஆகிய இடங்களில் மாட்டும் விளக்கு நாளெல்லாம் ஆடிக்கொண்டே எரிய வேண்டும். அந்தக் காலத்துக் குண்டு பல்பில் இழை அறுந்துபோகும். இப்போது எல்.இ.டி.க்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டிக்குள் கபாசிட்டர் கால் முறிகிறது, சால்டர் விடுகிறது, திருகு கழன்று கண்ணாடி கீழே வருகிறது. யார் தலையிலும் விழுவதற்கு முன் இங்கேயே ஆட்டிப் பார்த்துவிடலாம் என்பதுதான் யோசனை.

ஐ.இ.சி. என்ற பன்னாட்டு மின்தொழில்நுட்ப அமைப்பு விளக்குகளுக்காக வெளியிட்ட 60598-1 தரநிலையில், முரட்டு இடங்களுக்கான விளக்குக்கு இதைத்தான் கேட்கிறார்கள்: செங்குத்துத் திசை, 0.35 மி.மீ. வீச்சு, 10 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 10 ஆட்டம்) 55 வரை ஏறி மறுபடி 10க்கு இறங்கணும், நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு ஆக்டேவ் (அதாவது வேகம் இரட்டிப்பாவது), மொத்தம் 30 நிமிடம். ஏற இரண்டரை நிமிடம், இறங்க இரண்டரை நிமிடம் என்று ஆறு சுற்று வரும்.

ஒலிபெருக்கி மாதிரி காந்தத்துக்குள் சுருள் ஆடும் வகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் மோட்டாரும் மையம் விலகிய தண்டும் போட்டோம். நிமிடத்துக்கு 600 சுற்றிலிருந்து 3,300 சுற்று வரை ஓடும். விலகல் எவ்வளவோ அவ்வளவுதான் மேசை ஏறி இறங்கும், வேகம் எதுவானாலும். ஆனால் விசை அப்படியில்லை. 10 ஹெர்ட்ஸில் 0.14 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்), 55இல் 4.3 ஜி. வேகம் ஐந்தரை மடங்கு கூடினால் விசை முப்பது மடங்கு. மேசையும் விளக்குமாக 45 கிலோ என்றால் உச்சத்தில் 1,900 நியூட்டன், அதாவது 190 கிலோ எடை, தாங்குருளையை (பேரிங்) நொடிக்கு 55 தடவை மேலும் கீழும் இடிக்கிறது.

இயக்குபவர்கள் தமிழ் மட்டும் படிப்பவர்கள். ஆகவே கையேடும் பலகையும் தமிழில். இப்போது மூன்று சந்தேகங்கள். இயந்திரத்தின் பெயர் என்ன? விளக்கையும் பிக்சர் (fixture) என்கிறார்கள், அதை மேசையில் இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தையும் பிக்சர் என்கிறார்கள், இரண்டையும் எப்படிப் பிரிப்பது? மூன்றாவது, வீச்சு. நடுவிலிருந்து ஒரு பக்கம் என்ற பொருளில் வரைபடத்தில் "வீச்சு 0.35" என்று எழுதினேன். டர்னர் அதை மேலிருந்து கீழ்வரை மொத்த ஓட்டம் என்று எடுத்துக்கொண்டு 0.175 விலகலில் தண்டைக் கடைந்துவிட்டார். ஒரு தண்டு போச்சு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

சேலம், பாலிடெக்னிக் விரிவுரையாளர், திங்கள் மாலை

என் ஓட்டு "உலுக்கி"க்கு. புளியமரத்தில் ஏறிக் கிளையை உலுக்குவது எதற்கு? விழ வேண்டியது விழட்டும் என்றுதானே. உங்கள் இயந்திரமும் அதையேதான் செய்கிறது. என் மாணவர்களுக்கு விளக்கம் சொல்லவே வேண்டாம். "குலுக்கி" என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், அது சர்பத்.

சொல்லைவிட எனக்குக் கவலை அந்தச் சட்டம்தான். அதன் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம்) 55க்குப் பக்கத்தில் வந்தால் ஒத்ததிர்வு வந்து, விளக்கு தாங்க வேண்டியதற்குப் பல மடங்கு அடிபடும். 110 ஹெர்ட்ஸில் வைத்தாலும் உச்ச வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஆடும். பிறகு விளக்கு மோசம் என்று விளக்குக்காரரைத் திட்டுவீர்கள். முடிந்தவரை குட்டையாக, விறைப்பாகச் செய்யுங்கள் தம்பி.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவ்வாய்

அன்பர்களே, தொல்காப்பியர் உரியியலில் நமக்காகவே எழுதி வைத்திருக்கிறார்: "அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்." அதிர்வு இருக்க உலுக்கலுக்குப் போவானேன்?

ஆனால் அதிர்தல் தன்வினை. விளக்கு அதிர்கிறது. இயந்திரமோ அதிரச் செய்கிறது. இங்கே பிறவினை வேண்டும். தீர்வு–தீர்ப்பு, சேர்வு–சேர்ப்பு என்ற இணைகளைப் பாருங்கள். தானே தீர்வது தீர்வு, ஒருவர் தீர்ப்பது தீர்ப்பு. அவ்வழியே அதிர்வு–அதிர்ப்பு. கருவிக்கு இகரம் சேர்த்தால் "அதிர்ப்பி". மூன்றே மூன்று உயிர்மெய், ஓர் உயிர், இரண்டு ஒற்று என்று எண்ணத் தொடங்கினேன், இரண்டு உயிர்மெய்தான். இன்னும் நல்லது.

"சோதனை" வடசொல். "ஆய்வு" என்க. "இயந்திரம்" என்று இகரம் போட வேண்டாம். ஐங்குறுநூற்றில் "கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்" என்று வருகிறது. கரும்பாலையின் சத்தம் யானைக்கு எதிர்ப்பாட்டுப் பாடுகிறதாம். 3,300 சுற்றில் உங்களுடையது எப்படிப் பிளிறும் என்று கேட்க ஆசை.

குறளும் நினைவுக்கு வருகிறது: "எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை அதிர வருவதோர் நோய்." முன்கூட்டியே ஆட்டிப் பார்ப்பவனுக்குப் பின்னால் அதிர்ச்சி இல்லை. இதைவிட இந்த எந்திரத்துக்கு வேறு என்ன விளக்கம் வேண்டும்?

சென்னை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் இரவு

ஐயா, குறளைச் சுவரில் எழுதலாம், பலகைக்கு நீளம். "ஆய்வு" என்றால் ஆராய்ச்சியா, இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பதா, சோதித்துப் பார்ப்பதா என்று மூன்றாகப் பிரியும். ரத்தச் சோதனை என்று ஊரே சொல்கிறது. சோதனையை விட்டுவிடுங்கள்.

எனக்கு ஒரே கேள்விதான். இயக்குபவர் நாளைக்கு இதைத் தேடினால் "வைப்ரேஷன் டெஸ்ட் மெஷின்" என்றுதான் தேடுவார். அதைத் தமிழ் எழுத்தில் அடைப்புக்குள் போட்டால் என்ன குறைந்துவிடும்? "அதிர்ப்பி" என்று எழுதினால் முதலில் அதிர்வது அவர்தான்.

யாழ்ப்பாணம், இயற்பியல் ஆசிரியர், புதன்

வணக்கம். இந்த வீச்சுப் பிரச்சினை எங்களுக்கு இல்லை. எங்கட பாடநூலில் நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் போகும் உச்சத் தூரம் "வீச்சம்". வீச்சு என்பதை மொத்த ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். டர்னர் குழம்ப மாட்டார். அதிர்வெண்ணுக்கு நாங்கள் மீடிறன் என்போம், ஒத்ததிர்வுக்குப் பரிவு, முடுக்கத்துக்கு ஆர்முடுகல். பரிவு எவ்வளவு அழகான சொல்! ஒன்று துடிக்க மற்றொன்றும் சேர்ந்து துடிக்கிறது.

இயந்திரத்துக்கு "நடுக்கி" என்றால் என்ன? நிலநடுக்கம் எல்லோருக்கும் தெரியும். தொல்காப்பியரே அதிர்வுக்குப் பொருள் நடுக்கம் என்றுதானே சொல்கிறார்.

சென்னை, புதன், அரை மணி நேரம் கழித்து

அண்ணா, மன்னிக்கணும். இங்கே வீச்சம் என்றால் மீன் வீச்சம். "வீச்சம் 0.35 மி.மீ." என்று பலகையில் போட்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

யாழ்ப்பாணம், புதன்

இயற்பியலில் இடம் பார்த்துப் பொருள் கொள்ள மாட்டார்களோ? அப்படிப் பார்த்தால் "பொறி" எலிக்கும் வைப்பது, நெருப்பிலும் பறப்பது. அதற்காகப் பொறியியலை விட்டுவிட்டீர்களா?

சேலம், புதன் இரவு

பரிவு எனக்கும் பிடித்துவிட்டது, வகுப்பில் சொல்லப்போகிறேன். தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்று எச்சரித்துவிட்டுத்தான்.

நடுக்கி வேண்டாம். நடுக்கம் என்றால் குளிர் அல்லது பயம். தரமணியில் கட்டட மாதிரிகளை நிலநடுக்கம் போல ஆட்டிப் பார்க்கும் மேடை இருக்கிறது, அதற்கு அந்தச் சொல்லை வைத்திருப்போம். உங்கள் வேகத்துக்கு அது நடுக்கம் இல்லை, ரீங்காரம்.

மொத்த ஓட்டத்துக்கு "முழுவீச்சு" என்று யோசித்தேன். உடனே "பணிகள் முழுவீச்சில் நடக்கின்றன" என்று செய்தித்தாள் வந்து காதில் ஒலித்தது. விட்டுவிட்டேன்.

கோவை, வியாழன் காலை

எல்லோருக்கும் நன்றி. நாளை வெள்ளி என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

வீச்சுக்கு நேற்று டர்னரிடமே கேட்டேன். "சென்டர்ல இருந்து மேலே 0.35, கீழே 0.35னு எழுதுங்க சார், நான் கடைஞ்சு தர்றேன்" என்றார். அதையே எழுதிவிட்டேன். சொல்லே வேண்டியிருக்கவில்லை.

சட்டத்துக்கு "பிடிப்பான்", "பற்றி" இரண்டும் யோசித்தோம். கையேட்டில் "பற்றியைப் பற்றிய குறிப்பு" என்று ஒரு தலைப்பு வந்ததும் பையன்கள் சிரித்துவிட்டார்கள்.

தஞ்சாவூர், வியாழன்

"பிடிசட்டம்" எனலாமே. பிடித்த சட்டம், பிடிக்கின்ற சட்டம், பிடிக்கும் சட்டம். முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை, ஊறுகாய் போல. ஒற்றும் மிகாது. விளக்கை விளக்கு என்றே சொல்லிவிட்டால் உங்கள் பிக்சர் குழப்பம் அற்றுப்போகும்.

உலுக்கி பற்றி ஒரு சொல். உலுக்குவது கையால், அதுவும் விட்டுவிட்டு. இது சீராக, இடைவிடாமல், எண்ணிக்கையோடு நடப்பது. அதிர்ப்பியில்தான் அந்தச் சீர் இருக்கிறது. விதிர்ப்பு என்று ப்பு விகுதியோடு சூத்திரத்திலேயே ஆதரவு இருப்பதைக் கவனித்தீர்களா?

சேலம், வியாழன்

கவனித்தேன் ஐயா. அதே சூத்திரத்தில் விதிர்ப்புக்கும் பொருள் நடுக்கம்தான். திருவாசகத்தில் "மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து" என்று உடம்பு தானாகத்தான் நடுங்குகிறது, யாரும் பிடித்து ஆட்டவில்லை. ப்பு வந்தாலே பிறவினை என்றால் அங்கே என்ன செய்வது? சிரிப்பு, துடிப்பு எல்லாமே தானாக வருபவைதானே.

பிடிசட்டம் அருமை. அதை எடுத்துக்கொள்கிறேன்.

சென்னை, வியாழன் இரவு

பிடிசட்டம் முடிந்தது. பெயருக்கு எண்ணிப் பார்த்தேன். உலுக்கிக்கு இரண்டு, அதிர்ப்பிக்கு ஒன்று (ஐயாவின் ஓட்டை ஒன்றாகத்தான் எண்ண முடியும்), நடுக்கிக்கு ஒன்று. "அதிர்வுச் சோதனை மேடை" என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் யாரும் திட்டவும் இல்லை. படித்ததும் புரிகிறது, தூக்கம் வரும் அளவுக்குச் சாதாரணமாக இருக்கிறது. பலகைக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். கையேட்டுக்குள் சுருக்கமாக உலுக்கி என்று எழுதிக்கொள்ளட்டும்.

யாழ்ப்பாணம், வெள்ளி அதிகாலை

சரி, நான் மறிக்கவில்லை. வீச்சத்தை மட்டும் ஒரு அடிக்குறிப்பிலாவது போடுங்கோ.

கோவை, சனி

பலகை வந்துவிட்டது, மாட்டியும் ஆயிற்று. "அதிர்வு சோதனை மேடை" என்று வெட்டியிருக்கிறார்கள். ச் விட்டுப்போனது என் தப்பு, அவசரத்தில் போனிலேயே சொன்னேன். துருப்பிடிக்காத தகடு, இனி மாற்ற முடியாது. புலவர் ஐயா மன்னிக்க வேண்டும்.

புதிய தண்டோடு முதல் ஓட்டம் நேற்று மாலை. 30 நிமிடமும் ஓடியது. பிடிசட்டம் அசையவில்லை, சேலம் அம்மாவுக்கு நன்றி. ஐந்தாவது சுற்றில், 40 ஹெர்ட்ஸ் தாண்டும்போது விளக்கின் பின்மூடித் திருகு ஒன்று தானாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து மேசையில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினோம். விளக்குக்காரர் மட்டும் தட்டவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேடை என்றும் உலுக்கி என்றும் இங்கே யாரும் சொல்வதில்லை. நாம் விவாதித்துக்கொண்டிருந்த வாரத்திலேயே பையன்கள் பெயர் வைத்துவிட்டார்கள்: "சாமியாடி". "அண்ணா, சாமியாடியை ஆன் பண்ணவா?" என்றுதான் கேட்கிறார்கள்.

தஞ்சாவூர், ஞாயிறு

பலகைக்கு வருந்துகிறேன். அதிர்வு முற்றியலுகரம், வேற்றுமைத் தொகை, ஒற்று மிகுந்தே ஆக வேண்டும். உணவுப்பொருள் போல. தகட்டில் ஒரு புள்ளியும் ஒரு ச-வும் பொறிக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

சாமியாடி நல்ல சொல்தான், மண்ணிலிருந்து வந்தது. ஆனால் ஆடுவது விளக்கு, எந்திரம் ஆட்டுகிறது. எனவே சாமியாட்டி. நான் திங்கட்கிழமையிலிருந்து, இல்லை, செவ்வாயிலிருந்து சொல்லிவரும் அதே பிறவினைச் சிக்கல்தான் இதுவும்.

அதிர்ப்பியை நான் இன்னும் விடவில்லை.