பெரியவீட்டுச் சொந்தங்கள் – ஏப்ரல் 14

*குமார் அண்ணன் 7:42:* எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. விசைப்படகைக் கட்டியாச்சு. ராத்திரி 12லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, வனவாசம்தான்

*விஜி அத்தை 7:45:* வாழ்த்துப்பா. அப்ப தஞ்சாவூர்ல மீனு ஆனை வெலை குதிரை வெலைதான்

*குமார் அண்ணன் 7:46:* சித்தப்பாவுக்குத்தான் யோகம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லைல்ல

*செல்வராசு சித்தப்பா 7:51:* யோகமா? உங்க இழுவைமடி வலை போன எடத்துல வலை விட்டுப் பாரு. தாழை, அதான் கடல்புல்லு, வேரோட பேந்து வருது

*குமார் அண்ணன் 7:52:* திங்கள் புதன் சனி மூணு நாளுதானே நாங்க போறோம். 2001ல 45 நாள் தடைன்னாங்க, 2017ல 61 ஆக்குனாங்க. இன்னும் என்ன செய்யணும்

*செல்வராசு சித்தப்பா 7:58:* நாளை எண்ணி என்னத்த. 61 நாள்ல மீனு முட்டை விடும், சரி. குஞ்சு ஒதுங்க எடம் வேணாமா? ஓரா மீனு, இறாலு, நண்டு எல்லாம் தாழைக்குள்ளதான் வளருது. 62ஆம் நாளு எல்லாப் படகும் சேர்ந்து போயி அதைத்தானே உழுறீங்க

*தமிழரசி 8:03:* கரெக்ட் சித்தப்பா. ஆவுளியாவும், அதான் கடல்பசு, அதைத்தான் மேயுது, ஒரு நாளைக்கு 40 கிலோ வரைக்கும். மேயுற எடத்துல சாணி போடும், விதையையும் கொண்டுபோய்ப் போடும். ஆட்டுக்கிடை போட்ட வயல் மாதிரி

*குமார் அண்ணன் 8:04:* வந்துட்டாங்க மேடம். அந்த ஆவுளியாவுக்குத்தான் 2022ல கடல்ல 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகம்னு எழுதிக் குடுத்தாச்சே. அடுத்து நம்மளைக் கடல்லயே எறங்க விடமாட்டானுவ

*தமிழரசி 8:06:* மீனவங்களுக்குப் புதுசாத் தடை வராதுன்னு அப்பவே சொன்னாங்கண்ணே. வலையில மாட்டுனதை விட்டவங்களுக்குப் பரிசும் குடுத்தாங்க

*செல்வராசு சித்தப்பா 8:09:* பொய் சொல்லக்கூடாது, நம்ம தாத்தாவே ஆவுளியாக் கறி தின்னவருதான்

*விஜி அத்தை 8:09:* அய்ய 🤢

*குமார் அண்ணன் 8:15:* எனக்கு மட்டும் ஆசையா சித்தப்பா? போன வாரம் ஏத்துனதுல பாதி கழசல், வெறும் பொடிமீனு. கோழித்தீவனத்துக்குப் போச்சு. விரல் நீளம்கூட இல்லை, பாத்தா வயிறு எரியும். ஆனா டீசல் காசு அதுலதான் வருது. ஆழ்கடல் படகு 80 லட்சம், 70 சதம் மானியம்னு 2017ல திட்டம் போட்டாங்க. மிச்சம் 24 லட்சம் யாரு மடியில இருக்கு?

*தமிழரசி 8:17:* அது நியாயம்தான்

*செல்வராசு சித்தப்பா 8:20:* ம்

*விஜி அத்தை 8:24:* சண்டை முடிஞ்சுதா? தம்பி, ஞாயித்துக்கெழமை பஸ்ல நண்டு போட்டு விடு. சினை நண்டாப் பாத்து

*செல்வராசு சித்தப்பா 8:25:* சினை நண்டை அப்பவே கடல்ல விட்டுடுறேன் அக்கா. வேற கேளு

*விஜி அத்தை 8:25:* சினைதானடா ருசி

*குமார் அண்ணன் 8:31:* சித்தப்பா நாளைக்கு வலை இழுக்க ஆளு வேணுமா

*செல்வராசு சித்தப்பா 8:32:* 4 மணிக்கு வா. போனை வீட்டுல வச்சிட்டு வா