‘அத்துமீறல்’: இதில் ‘அத்து’ என்பது என்ன சொல்?

செய்யாறு டீச்சர்:
ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். போன வாரம் கட்டுரை நோட்டு திருத்தும்போது ஒரு பையன் “அற்றுமீறல்” என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் சுழித்து அரை மதிப்பெண் குறைத்தேன். நோட்டை வாங்கியதும் நேராக மேசைக்கு வந்துவிட்டான். “மிஸ், காத்துன்னா காற்று, நேத்துன்னா நேற்று, சோத்துலன்னா சோற்றில். எழுதும்போது மாத்திக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப அத்து மட்டும் ஏன் அற்று ஆகாது?”

அவன் கேட்டது நியாயமான கேள்வி. “வழக்கம் அப்படித்தான்பா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று முழுக்க மனசு சரியில்லை. மீறல் புரிகிறது, எதை மீறுகிறோம் என்பது புரியவில்லை. வரம்பு, எல்லை இரண்டும் தனியாக நின்றால் பொருள் தருகின்றன. அத்து என்று தனியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. திங்கட்கிழமை அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நன்னூல் பிரியன்:
‘அத்து’ நன்னூலில் உள்ள சாரியைதானே டீச்சர்? மரம் + அத்து + ஐ = மரத்தை. அந்த அத்துவே இங்கும் வந்திருக்கலாம்.

பழைய சங்கிலி:
மேலே எழுதிய தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், அது இல்லை. சாரியைக்குத் தனிப்பொருள் கிடையாது. பொருளில்லாத ஒன்றை எப்படி மீறுவது?

நான் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தச் சொல்லைக் காதால் கேட்டேதான் தெரிந்துகொண்டேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கேழ்வரகுக் காடு. பங்காளிகள் இரண்டு பேருக்கும் தகராறு. புலப்படத்தை, அதாவது வயலின் அளவு வரைபடத்தை, வைத்துக்கொண்டு சங்கிலியை இழுத்தோம். அந்தப் படத்தில் கணக்கெல்லாம் லிங்க்ஸில் இருக்கும்; 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, 66 அடி. கல் இருக்க வேண்டிய இடத்தில் வரப்பே இல்லை. வரப்பு இரண்டடி தள்ளி இருந்தது. வருஷா வருஷம் உழவுக்கு முன்னால் வரப்பைச் செதுக்குகிற சாக்கில் மண்வெட்டியால் ஒரு பக்கமாகவே கொத்திக்கொண்டு வந்தால் பத்துப் பதினைந்து வருஷத்தில் வரப்பு நடந்துவிடும். கணக்குப்படி வந்த இடத்தில் கடப்பாரையை இறக்கினோம். முக்கால் முழ ஆழத்தில் ‘டங்’ என்றது. மண்ணைக் கையால் விலக்கினால் கல்லின் தலையில் அம்புக்குறி. பக்கத்தில் நின்ற பாட்டி கையைத் தட்டிக்கொண்டு தெலுங்கில் சொன்னார்: “ஹத்து ராயி! ஹத்து ராயி!” எல்லைக்கல் என்று அர்த்தம். தெலுங்குக்காரர்கள் இந்தச் சொல்லில் தகரத்தை மென்மையாகச் சொல்வார்கள். கன்னடத்திலும் ஹத்துதான். அங்கே நில அளவைத் துறையில் எல்லை நிர்ணயம் செய்வதற்குப் பெயரே ‘ஹத்துபஸ்து’.

நம்முடைய அத்துவும் அதேதான். மூலம் அரபுச் சொல் ‘ஹத்’. எல்லை, விளிம்பு என்று பொருள். பாரசீகம், உருது வழியாக ஆட்சி நிர்வாகத்தோடு தெற்கே வந்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் உருதுவைத்தான் காட்டுகிறது. இந்தியில் ஒரு மனையின் நான்கெல்லைக்கு ‘சௌஹத்தி’ என்பார்கள், நாட்டு எல்லைக்கு ‘சர்ஹத்’. கான் அப்துல் கஃபார் கானை வடக்கே ‘சர்ஹதி காந்தி’ என்றதைத்தான் நாம் ‘எல்லை காந்தி’ என்று சொன்னோம்.

1792-ல் திப்புவிடமிருந்து எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகால் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்குப் போனது. கும்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து தீர்வை போட்டார்கள். 1801-ல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகமும் போயிற்று. ஆண்டவர்கள் மாறினாலும் கச்சேரிச் (அரசு அலுவலகச்) சொற்கள் மாறவில்லை. தாசில்தார், தாலுகா, ஜமாபந்தி, பசலி, ஜப்தி, வசூல், எல்லாமே இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. அத்துவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

பையனுக்குச் சொல்ல இரண்டு விஷயம். ஒன்று, ஹகரம் தமிழில் முதலில் நிற்காமல் போவது. ஹல்வா அல்வா ஆனது, ஹாஜிர் ஆஜர் ஆனது, ஹத் அத்து ஆனது. இரண்டாவது, இரட்டித்த தகரத்தை நாம் அழுத்தித்தான் சொல்வோம், மென்மையாகச் சொல்ல மாட்டோம். இதற்குச் சாட்சி ‘ரத்து’. அதுவும் அரபுதான், ‘ரத்’, திருப்பிவிடுவது. ரத்துவை யாராவது ‘ரற்று’ என்று எழுதுவார்களா? அத்துவும் அப்படியே.

இன்னொன்று, இது என் சொந்த அபிப்பிராயம். வரம்பு மண்ணால் ஆனது. தண்ணீர் நிறைந்தால் வரம்பு மீறி வழியும், கண்ணுக்குத் தெரியும். அத்து அப்படியில்லை. கல்லிலும் காகிதத்திலும் இருப்பது. வரப்பு நகர்ந்தாலும் அத்து நகராது. இந்த வித்தியாசத்தைத்தான் முப்பது வருஷம் காட்டுக் காடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் “அத்துமீறல் பிறமொழி, வரம்புமீறல் என்று எழுது” என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். இரண்டும் வேண்டும்.

காயல்வாசி:
ஐயா சொன்னது சரி. எங்கள் ஊரில் ஒரே சொல் இரண்டு உருவத்தில் புழங்குகிறது. மதரஸாவில் மார்க்கச் சட்டம் படிக்கும்போது ‘ஹத்து’ என்போம், இன்ன குற்றத்துக்கு இன்ன தண்டனை என்று வகுத்துவைத்த அளவு. பன்மை ‘ஹுதூது’. வெளியே வந்து பேப்பரைப் பிரித்தால் ‘அத்துமீறி நுழைந்தவர் கைது’. இரண்டும் ஒன்று என்று எனக்கே இருபது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

திருக்குர்ஆன் 2:229-ல் “இவை அல்லாஹ்வின் ஹுதூது, இவற்றை மீறாதீர்கள்” என்று வருகிறது. தமிழில் வரம்புகள் என்றும் வரையறைகள் என்றும் பெயர்த்திருக்கிறார்கள். வயல் வரப்பிலிருந்து வந்த சொல் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அழகாகத் தோன்றும்.

நகல் எழுத்தர்:
கோர்ட்டில் புழங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திய தண்டனைச் சட்டம் 447, குற்றமுறு அத்துமீறல். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 329. எண் மாறியும் எங்கள் தட்டச்சில் அத்து அப்படியே இருக்கிறது. மனுக்களில் ‘அத்து மீறி’ என்று பிரித்தும் வரும். பிரித்து எழுதினால் அது தனிச்சொல் என்பது பளிச்சென்று தெரியும்.

செய்யாறு டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. சங்கிலி ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இன்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டேன். அரை மதிப்பெண்ணைத் திருப்பித் தரவில்லை, சொல் தவறுதான். ஆனால் “நீ கேட்ட கேள்வி சரி, அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கல்லில் கடப்பாரை பட்ட கதையைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டோம். ஒரு பக்கம் ற்று ஆகிறவை: காத்து, நேத்து, சேத்துல, ஆத்துல. மறு பக்கம் ஆகாதவை: பத்து, முத்து, கொத்து, ரத்து, சரத்து, அத்து. அல்வாவைச் சொன்னதும் கடைசி பெஞ்ச் வரைக்கும் கை தூக்கினார்கள்.

மணி அடிக்கிற நேரத்தில் அதே பையன் எழுந்தான். “மிஸ், ‘பாத்துப் போ’ன்னு சொல்றோமே, அந்தப் பாத்து எந்தப் பக்கம்? பாற்றும் இல்லை, பாத்தும் இல்லை, பார்த்து!” மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு அதை முதலில் எழுதச் சொன்னேன். நாளைக்கு ஆளுக்கு ஐந்து சொல் அந்தப் பத்திக்குக் கொண்டுவர வேண்டும்.