பழைய தேக்குப் படிக்கட்டு, ஆடும் கைப்பிடி: யாரிடம் வேலையை ஒப்படைப்பது?

கேள்வி: மந்தைவெளிவாசி

எங்கள் வீட்டில் கூடத்திலிருந்து மாடிக்குச் செல்லும் படிக்கட்டு முழுவதும் பர்மாத் தேக்கு. தாத்தா காலத்தில் போட்டது. மிதிபலகைகளின் நடுவில் பாலிஷ் தேய்ந்து மரம் வெளிறித் தெரிகிறது. ஓரங்களிலோ, மேலுக்கு மேல் பூசிய பாலிஷ் கறுத்துப்போய், மழைக்காலத்தில் கை வைத்தால் பிசுபிசுக்கிறது. திருப்பத்தில் உள்ள தூண் ஆடுவதால் கைப்பிடியும் அசைகிறது. எழுபது வயதைக் கடந்த என் தாயார் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்குகிறார்.

இரண்டு பேரை அழைத்துக் காட்டினேன். ஒருவர், தேய்த்து மெலமைன் பாலிஷ் போட்டால் புதிதுபோல் ஆகிவிடும் என்று சதுர அடிக் கணக்கில் ஒரு தொகை சொன்னார்; தூணைப் பற்றிக் கேட்டதற்கு, மக்கு (புட்டி) வைத்து அடைத்துவிடலாம் என்றார். மற்றவர், கைப்பிடியையும் அதைத் தாங்கும் கடைசல் கால்களையும் பிடுங்கிவிட்டு எவர்சில்வர் குழாயும் கண்ணாடியும் வைப்பதே நல்லது என்றும், கழற்றும் மரத்தைத் தாமே எடுத்துக்கொண்டு கூலியில் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். இருவருமே தீபாவளிக்குள் முடித்துத் தருவதாக உறுதி கூறுகிறார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது, என்ன கேட்டு உறுதிசெய்துகொள்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: மரவேலை மேற்பார்வையாளர், அம்பத்தூர்

மரத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னவரை முதலில் அனுப்பிவிடுங்கள். பழைய பர்மாத் தேக்கின் மதிப்பு அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

உங்கள் வீட்டு வேலை உண்மையில் இரண்டு வேலைகள். தூணும் கைப்பிடியும் தச்சர் பார்க்க வேண்டியவை. பூச்சு, பாலிஷ் போடுபவர் பார்க்க வேண்டியது. இரண்டையும் ஒருவரே ஒப்பந்தம் எடுத்தாலும், தச்சு வேலையை யார் செய்யப்போகிறார் என்று கேட்டு, அவரையே நேரில் வரச்சொல்லுங்கள். தூணின் அடியை ஒருவர் பிடித்து அசைக்கும்போது, மற்றொருவர் படிக்கட்டின் அடிப்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், எந்தப் பொருத்து விட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். அது பல ஆண்டுகளில் காய்ந்து பொரிந்து உதிர்ந்துவிடும். அப்படியானால் பொருத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி ஆப்பு வைத்து, தேவைப்பட்டால் அடியிலிருந்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அசையும் பொருத்தில் வைத்த மக்கு சில வாரங்களில் வெடித்துவிடும். அதைச் சொன்னவர் தூணைக் கையால் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பாலிஷ்காரரைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: இப்போது மரத்தின் மேல் இருப்பது என்ன பூச்சு? விவரம் தெரிந்தவர், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் தேய்த்துப் பார்ப்பார். கரைந்து பஞ்சில் பழுப்பாக ஒட்டினால் அது அரக்கால் ஆன பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். இரண்டுக்கும் கரையாவிட்டால் மெலமைன், பி.யு. (பாலியூரிதேன்) ஆகிய கடினப் பூச்சுகள் அல்லது எனாமல் பெயிண்டாக இருக்கலாம். உங்கள் வீட்டுப் பூச்சு ஈரக்காற்றில் பிசுபிசுப்பதைப் பார்த்தால் அரக்காகத்தான் இருக்கும். அரக்கை ஸ்பிரிட்டால் துடைத்தே பெரும்பாலும் எடுத்துவிடலாம். எல்லாவற்றையும் இயந்திரம் வைத்துத் தேய்க்க வந்தால், கடைசல் கால்களின் வளையங்களும் விளிம்புகளும் மழுங்கிப்போகும்; அங்கே உப்புத்தாளைக் கையால்தான் போட வேண்டும். பழைய அரக்கையும் மெழுகையும் முழுதாக எடுக்காமல் அதன்மேல் பி.யு. அடித்தால், அது பிடிக்காமல் உரிந்து வரும்.

ஒரு படியையும் கைப்பிடியில் ஓரடி நீளத்தையும் மட்டும் முழுமையாக முடித்துக் காட்டச் சொல்லி, அதற்குத் தனியாகக் கூலி கொடுத்துவிடுங்கள். நிறம் பிடித்திருக்கிறதா, காலுக்கு வழுக்குகிறதா என்பதை அந்த ஒரு படியிலேயே தாயாரை நிறுத்திப் பார்த்துவிடலாம். என் கணிப்பில், மிதிபலகைகளுக்கு மேட் (பளபளப்பில்லாத) வகை பி.யு., கைப்பிடிக்கும் கால்களுக்கும் பிரெஞ்சு பாலிஷ் என்பதே பொருத்தம்.

தீபாவளிக்கு அவசரப்படாதீர்கள். வடகிழக்குப் பருவமழையின்போது சென்னையின் ஈரக்காற்றில் பாலிஷ் வெள்ளை பூத்துவிடும், மரமும் ஊதியிருக்கும். தை பிறந்த பிறகு தொடங்கி, மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி 15 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால் மட்டும் பூச்சுக்கு அனுமதியுங்கள்.

மறுமொழி 2: பழைய வீட்டுக்காரர், திருவல்லிக்கேணி

பாலிஷுக்கு முன் பூச்சியைப் பாருங்கள். தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் எளிதில் தொடாது என்றாலும், வெளிமரத்துக்கும் படிகளைத் தாங்கும் வேறு மரச் சட்டங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. சுவரும் படியும் சேரும் இடத்தில் மண் கோடுகள் இருந்தால் கரையான். ஊசித் துளைகளும் அவற்றின் அடியில் மாவுபோன்ற தூளும் இருந்தால் மரத்தை உளுக்கவைக்கும் வண்டு. மருந்து மரத்துக்குள் ஊற வேண்டுமென்பதால், பூச்சு துளைகளை மூடுவதற்கு முன்பே அதைச் செலுத்திவிட வேண்டும்.

மறுமொழி 3: உள் அலங்காரப் பணியாளர், பெசன்ட் நகர்

மேற்பார்வையாளர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. கைப்பிடிக்குப் பிரெஞ்சு பாலிஷ் வேண்டாம். வியர்வையும் எண்ணெயும் படும் இடம் அது; போதாததற்கு, கையில் சானிட்டைசர் தடவிக்கொண்டு அப்படியே பிடித்தால் அதிலுள்ள ஆல்கஹால் அரக்கை இளக்கிவிடும். கைப்பிடிக்கும் பி.யு.தான் சரி. யாரும் தொடாத கடைசல் கால்களுக்குப் பிரெஞ்சு பாலிஷ் போதும்; கீறல் விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாம். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால், முதல் பூச்சுக்குச் சற்று முன் தின்னரால் துடைக்கிறார்களா என்று பாருங்கள்.

அடியில் பழைய எனாமல் பெயிண்ட் தென்பட்டால் உலர்ந்த நிலையில் தேய்க்க விடாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டின் தூள் வீட்டில் பறப்பது குழந்தைகளுக்கு நல்லதன்று.

மந்தைவெளிவாசி

அனைவருக்கும் நன்றி. அடியில் டார்ச் அடித்துப் பார்த்ததில் மண் கோடுகள் இல்லை; தூணின் பொருத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. தை மாதத்துக்குத் தள்ளிவைக்கிறேன். பூச்சு காயும் நாட்களில் மாடிக்கு எப்படிப் போய்வருவது? அளவையும் பணத்தையும் எப்படிப் பேசுவது?

மறுமொழி 4: மரவேலை மேற்பார்வையாளர், அம்பத்தூர்

கைப்பிடியைப் பற்றி நண்பர் சொல்வது சரியே. ஒன்றுவிட்டு ஒரு படியாகப் பூசி, காய்ந்த பின் மற்றவற்றைப் பூசுவது வழக்கம். ஆனால் தாண்டித் தாண்டி ஏறுவது உங்கள் தாயாருக்கு ஆகாது. அந்த நாட்களில் அவரைக் கீழேயே தங்கவைத்துவிடுங்கள். கெட்டியாக்கி கலக்கும் பி.யு. ஒரு நாளில் வெறுங்காலால் மிதிக்கும் அளவுக்குக் காய்ந்தாலும், முழுதாக இறுகுவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதுவரை கனமான பொருளை இழுக்காதீர்கள்.

மிதிபலகை, எழுபலகை (படியின் நிமிர்ந்த முகப்பு) இரண்டும் சதுர அடியிலா, கைப்பிடி ஓட்ட அடியிலா (நீளக் கணக்கில்), கடைசல் கால்கள் எண்ணிக்கையிலா, படியின் அடிப்பக்கம் கணக்கில் உண்டா என்பவற்றைத் தொடங்கும் முன்பே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்தால் டப்பாக்களை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லலாம். தச்சு வேலை முடிந்து, கைப்பிடியை நீங்களே பலமாக அசைத்துப் பார்த்த பிறகுதான் பாலிஷுக்கான முன்பணம். கடைசித் தவணையைப் பூச்சு இறுகியபின் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

தின்னரும் ஸ்பிரிட்டும் திறந்திருக்கும் நேரத்தில் பூஜையறை விளக்கையும் சமையல் அடுப்பையும் அணைத்துவையுங்கள். பழைய முறையில் ஆளிவிதை எண்ணெய் தடவுபவராக இருந்தால், துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட விடாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியவை. தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடச் சொல்லுங்கள்.