இன்ஜின் சூடாவதன் காரணத்தை அகச்சிவப்பு வெப்பமானி காட்டிக்கொடுத்த அனுபவங்கள்

எங்கள் காரில், புறப்பட்ட கால் மணி நேரத்திற்குள்ளாகவே வெப்பநிலை முள் சிவப்புக் கோட்டை நெருங்கத் தொடங்கியது. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் தலைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கக்கூடும் என்றும், இன்ஜினைப் பிரித்தால்தான் உறுதியாகத் தெரியும் என்றும் மெக்கானிக் சொன்னார். பிரிப்பதற்கு முன் வெளியிலிருந்தே அறியக்கூடியதை அறிந்துவிட வேண்டும் என்று, இன்ஜின் நன்கு ஆறியிருந்த நேரத்தில் அதை இயக்கி, சூடேறியதும் திறந்து கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை) ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டுக்கு இன்ஜின் பக்கத்திலும், அதைத் தாண்டி ரேடியேட்டருக்குச் செல்லும் மேல் ஹோஸிலும் தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் மாறி மாறி அளந்துகொண்டே இருந்தேன். 82 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்க வேண்டிய தெர்மோஸ்டாட் அது. இன்ஜின் பக்கம் 100 டிகிரியைத் தாண்டிய பிறகும் மேல் ஹோஸ் 45 டிகிரியிலேயே நின்றது.

இந்த வேறுபாட்டை மட்டும் வைத்துத் தெர்மோஸ்டாட்டைக் குற்றம் சொல்லிவிட முடியாது. வாட்டர் பம்ப் பழுதானாலும், கூலன்ட் பாதையில் காற்று அடைத்துக்கொண்டாலும் ஹோஸ் இப்படியே ஆறிக் கிடக்கும். ஆகவே கேபின் ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் அளந்தேன். இரண்டும் நல்ல சூட்டில் இருந்ததால் பம்ப் கூலன்ட்டைச் சுழற்றுகிறது என்பது தெளிவாயிற்று. கழற்றிய தெர்மோஸ்டாட்டைக் கொதிக்கும் நீரில் போட்டபோது அதன் வால்வு அசையவே இல்லை. புதியதைப் பொருத்தியதோடு கோளாறு தீர்ந்தது. ஹெட் கேஸ்கெட்டைத் தொட வேண்டிய தேவையே எழவில்லை.

*

மேலே நண்பர் எழுதியதில் நான் மிகவும் மதிப்பது, ஒரே எண்ணை நம்பாமல் இரண்டு இடங்களை ஒப்பிட்டதைத்தான். இக்கருவி அளப்பது மேற்பரப்பின் சூட்டையே அன்றி, உள்ளே ஓடும் கூலன்ட்டின் சூட்டை அன்று. அந்த மேற்பரப்பு எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். பெரும்பாலான கருவிகள் 0.95 என்ற உமிழ்திறனுக்கு (ஒரு மேற்பரப்பு வெப்பக்கதிரை வெளியிடும் திறனை 0 முதல் 1 வரை சொல்லும் அளவு) அமைக்கப்பட்டவை. ரப்பர் ஹோஸ், கறுப்பு பெயின்ட், பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். பளபளக்கும் அலுமினியத்தின் உமிழ்திறன் 0.1 அளவுக்கோ அதற்கும் கீழாகவோ இருப்பதால், கை வைக்க முடியாத சூட்டில் உள்ள பாகத்தையும் கருவி வெதுவெதுப்பானது என்றே காட்டும். அத்தகைய இடங்களில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை ஒட்டி, அதுவும் சூடேறிய பிறகு அதன் மீது அளப்பதே என் வழக்கம். லேசர் புள்ளி குறி பார்ப்பதற்கு மட்டுமே. தொலைவுக்கும் அளக்கும் வட்டத்தின் அகலத்துக்கும் 12:1 விகிதமுள்ள கருவியை 60 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்தால், 5 சென்டிமீட்டர் அகல வட்டம் முழுவதன் சராசரிதான் திரையில் வரும். எனவே மெல்லிய குழாய்களை நெருங்கித்தான் அளக்க வேண்டும்.

என் வண்டியின் கோளாறு வேறு வகையானது. வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது முள் அசையாது. நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் ஏறும். விசிறி பழுதாகியிருந்தால் இதற்கு நேர்மாறாக நின்றிருக்கும்போதுதான் சூடேறியிருக்கும் என்பதால், என் ஐயம் ரேடியேட்டர் மீதே விழுந்தது. கூலன்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை வரிசை வரிசையாக அளந்தபோது, மேல் பகுதியில் சூடு சீராகக் குறைந்துகொண்டே சென்றது. கீழ்ப்பகுதியிலோ ஒரு பட்டை முழுவதும் பக்கத்துப் பகுதியைவிட 30 டிகிரிக்கும் மேல் குறைவாக இருந்தது. அந்தக் குழாய்களில் படிவு அடைத்து, கூலன்ட் ஓட்டமே இல்லாமல் போயிருந்தது. இதைச் செய்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது: மின்விசிறி எந்த நொடியிலும், சில வண்டிகளில் சாவியை அணைத்த பிறகும், தானாகச் சுழலத் தொடங்கும். கையும் துணியும் அதனருகே போகக் கூடாது.

*

சூடு ஏறுவதை மட்டுமன்றி, ஏறாமல் இருப்பதையும் இக்கருவியால் பிடிக்கலாம். எங்கள் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) நடுங்கியது. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, சிறிது நேரத்திற்குள் ஒவ்வொரு சிலிண்டரின் புகையையும் வெளியே கொண்டுசெல்லும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நான்கு கிளைகளையும் அளந்தேன். தாமதித்தால் உலோகத்தின் வழியே சூடு பரவி வேறுபாடு மங்கிவிடும். துருவேறிய இரும்பு மேனிஃபோல்டு என்பதால் அளவீடும் நம்பகமாகவே இருந்தது. மூன்று கிளைகள் வேகமாகச் சூடேற, இரண்டாவது மட்டும் பின்தங்கியது. அந்த சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்பது அதன் பொருள். அதன் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றி, இன்ஜின் ஆறிய பின் மறுபடி அளந்தபோது, மூன்றாவது கிளை பின்தங்கி இரண்டாவது சூடேறியது. கோளாறு காயிலில்தான் என்று தெரிந்து, புதிய காயில் மட்டும் பொருத்தினோம், நடுக்கம் நின்றுவிட்டது.