ஆன்லைன் கடைக்கு டிசைன் முக்கியமா, சரக்கு நல்லா இருந்தா போதுமா?

கல்லாப்பெட்டி

சுத்தி வளைக்காம கேட்டுடறேன். என்னை மாதிரி ஆன்லைன்ல விக்கிறவங்களைப் பிடிச்சு "உங்க சைட் பழசாயிடுச்சு, முழுசா மாத்துங்க, விற்பனை எகிறும்"னு சொல்ற கூட்டம் பெருத்துப்போச்சு. எப்படி எகிறும்னு கேட்டா பிராண்ட் ஃபீல், யூசர் எக்ஸ்பீரியன்ஸ்னு நாலு வார்த்தையை எடுத்து விடறாங்க.

என் கட்சி இதுதான்: சரக்கு நல்லா இருக்கணும், விலை கட்டுப்படியாகணும், சொன்ன நாள்ல போய்ச் சேரணும். இது மூணும் இருந்தா சைட் எப்படி இருந்தாலும் விக்கும். வரி விளம்பரம் போடற அமெரிக்க சைட் கிரெய்க்ஸ்லிஸ்ட்டைப் பாருங்க. 1995ல ஆரம்பிச்சது, இன்னிக்கும் முகப்புல நீலக் கலர் லிங்க்கும் வெறும் எழுத்தும்தான். அமேசான் மட்டும் என்ன அழகு? கண்ணு நிக்க ஒரு இடம் கிடையாது. ரெண்டும் ஓடாமலா இருக்கு?

மாற்றுக் கருத்து உள்ளவங்க வாங்க. "அழகா இருந்தா நம்பிக்கை வரும்"னு வசனம் மட்டும் வேண்டாம்.

நேர்கோடு

நான் பண்றதே டிசைன் வேலைதான், அதை முதல்லயே சொல்லிடறேன். வசனம் எனக்கும் ஆகாது சார்.

கிரெய்க்ஸ்லிஸ்ட்ல அலங்காரம் கிடையாது, அவ்வளவுதான். பக்கம் சட்டுனு திறக்கும், லிங்க் எதுன்னு பார்த்ததும் தெரியும், தேடினது கிடைக்கும். அமேசானை உதாரணம் காட்டறீங்களே, "ஒரே கிளிக்"ல வாங்கற முறைக்கு அவங்க 1999ல காப்புரிமை வாங்கினாங்க. அதே வருஷம் அதை வெச்சு பார்ன்ஸ் அண்ட் நோபிள்ங்கிற புத்தகக் கடை மேல வழக்கு போட்டாங்க. 2000ல ஆப்பிள் அதுக்கு உரிமம் வாங்கிச்சு. அது காலாவதியானது 2017லதான். வாங்கறவர் பக்கத்துல இருந்து பார்த்தா அது வெறும் ஒரு பட்டன். முகவரியையும் கார்டு நம்பரையும் மறுபடி கேட்காத பட்டன். அதுக்காகக் கோர்ட்டுப் படி ஏறினவங்களுக்கு டிசைன் பத்திக் கவலை இல்லைன்னு நான் எப்படி எடுத்துக்கறது?

கல்லாப்பெட்டி

வேகமும் டிசைன், பட்டனும் டிசைன். நாளைக்கு பார்சல் சுத்தற பேப்பரையும் டிசைன் கணக்குல சேர்த்துடுவீங்க போல. விக்கறது எல்லாம் டிசைன்னா, தோக்கறது எல்லாம் எது மேடம்?

பழைய மோடம்

தோத்தது ஒண்ணு நான் சொல்றேன். 1999 நவம்பர்ல பூ டாட் காம்னு ஒரு ஃபேஷன் கடை ஆன்லைன்ல திறந்தாங்க. துணியைச் சுத்திச் சுத்திப் பார்க்கலாம், பெரிசாக்கிப் பார்க்கலாம், "மிஸ் பூ"ன்னு ஒரு பொம்மைப் பெண் வந்து ஆலோசனை சொல்லும். எல்லாம் ஃபிளாஷ், ஜாவாஸ்கிரிப்ட்னு பக்கத்தைக் கனமாக்கற சமாச்சாரம். அன்னிக்கு வீட்டுல இருந்தவங்ககிட்ட இருந்ததோ டயல்-அப், போன் லைன் வழியா வர்ற மெதுவான இன்டர்நெட். மோடம் கத்தி முடிச்சு லைன் கிடைக்கவே ஒரு பொழுது ஆகும், அதுக்கப்புறம் அந்தப் பக்கம் திறக்கறதுக்குள்ள வாங்கற ஆசையே போயிடும். திறந்த புதுசுல ஆப்பிளோட மேக் கம்ப்யூட்டர் வெச்சிருந்தவங்களால உள்ளயே போக முடியல. 2000 மே மாசம் கடையை மூடிட்டாங்க. 18 மாசத்துல சுமார் 13.5 கோடி டாலர் கரைஞ்சுது.

இது யார் கட்சிக்குச் சாதகம்னு நீங்களே அடிச்சுக்குங்க.

கல்லாப்பெட்டி

சந்தேகமென்ன அண்ணே, எனக்குத்தான். டிசைனர் கையில பெட்டிச் சாவியைக் குடுத்தா இதான் நடக்கும்.

பூச்சிபிடிப்பவன்

நான் டெஸ்டர், சைட்ல தப்பு தேடறது என் வேலை. அழகு பத்தி எனக்கு அபிப்பிராயமே கிடையாது. தினமும் பார்க்கிறதை மட்டும் சொல்றேன்.

செக்அவுட் பக்கம், அதாவது முகவரி குடுத்துப் பணம் கட்டற பக்கம். போன் நம்பர் பெட்டி. வாங்கறவர் தட்டச்சு செய்யல, போனே தானா நிரப்பற ஆட்டோஃபில் போட்டுச்சு, நம்பருக்கு நடுவுல ஒரு இடைவெளி விழுந்துடுச்சு. சைட்டுக்கு இடைவெளி பிடிக்காது. "தவறான உள்ளீடு"ன்னு சிவப்பு எழுத்துல சொல்லுது, ஆனா சொல்றது பக்கத்தோட உச்சியில. ஆள் இருக்கிறதோ அடியில, "பணம் செலுத்து" பட்டன் கிட்ட. அழுத்தறார், ஒண்ணும் நடக்கல. மறுபடி அழுத்தறார். மூணாவது தடவை பக்கம் ரீலோட் ஆகி, எழுதின முகவரி மொத்தமும் காலி. போனை வெச்சுட்டு வேற வேலையைப் பார்க்கப் போயிடறார்.

வர்றவங்க என்ன பண்றாங்கன்னு கணக்கு வைக்கிற அனலிட்டிக்ஸ்ல இது எப்படிப் பதிவாகும் தெரியுமா? "கார்ட்டை விட்டுட்டுப் போனவர்." அவ்வளவுதான். ராத்திரி கணக்கு பார்க்கிற கடைக்காரர் என்ன நினைப்பார்? விலை ஒத்துவரல போலன்னு தள்ளுபடி போடுவார். இடைவெளியை நீக்கறது புரோகிராம்ல ஒரே ஒரு வரி. அதுக்குப் பதிலா லாபத்தைக் குறைச்சுக்கறார். கல்லாப்பெட்டி சார், "சரக்கு நல்லா இருந்தா விக்கும்"னு நீங்க சொல்றதுல எனக்குள்ள சிக்கல் இதான். சைட்ல இருக்கிற ஓட்டை உங்க கண்ணுக்கு ஓட்டையா தெரியாது. சரக்கு போகலங்கிற மாதிரிதான் தெரியும்.

வாங்க மட்டும்

யப்பா, அந்த போன் நம்பர் ஆள் நான்தான்.

இன்னொண்ணும் சேர்த்துக்குங்க. பொருளைப் பார்த்தாச்சு, பிடிச்சாச்சு, முகவரி எல்லாம் போட்டாச்சு, கடைசிப் பக்கத்துல வந்து ஷிப்பிங் சார்ஜ்னு ஒண்ணு முளைக்கும் பாருங்க. அந்த இடத்துலேயே மூடிடுவேன். தொகை பெரிசுன்னு இல்ல. ஏமாத்தற மாதிரி இருக்கு.

கல்லாப்பெட்டி

தங்கச்சி, நீங்க சொல்றது விலை. ஷிப்பிங்குக்குக் காசு கேட்டா கசக்குது. இதுல டிசைனரைக் கூட்டிட்டு வந்து என்ன பண்ண?

பூச்சிபிடிப்பவன் தம்பிக்கும் சொல்றேன், விட்டுட்டுப் போறவங்க எல்லாம் வாங்க வந்தவங்கன்னு யார் சொன்னது? பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வர்றவங்க. அவங்களுக்காக நான் பட்டனைத் தேய்ச்சுக்கிட்டு உட்கார முடியாது.

நேர்கோடு

வேடிக்கை பார்க்கிறவங்க நிறைய, அது உண்மை. பேமார்ட்னு ஒரு ஆய்வு நிறுவனம் இதே வேலையா இருக்கு. பலர் செஞ்ச கணக்குகளைத் தொகுத்து அவங்க சொல்ற சராசரி, கார்ட்ல போட்டதுல சுமார் 70 சதவீதம் வாங்காம விடப்படுதுன்னு. அதுல சும்மா பார்க்க வந்தவங்களைக் கழிச்சுட்டு மத்தவங்ககிட்ட காரணம் கேட்டா முதல்ல வர்றது எது? கடைசியில சேர்ற கூடுதல் செலவு. தங்கச்சி சொன்னதேதான்.

இது விலைன்னு சொல்றீங்க. விலையை மாத்தச் சொல்லலையே சார். அதே ஷிப்பிங் தொகையைப் பொருள் பக்கத்துலயே, விலைக்குக் கீழ, ஒரு வரியில எழுதுங்க. வேண்டாம்னு நினைக்கிறவர் அங்கேயே போயிடுவார், ஏமாந்தோம்ங்கிற கோபம் இல்லாம. மத்தவர் தெரிஞ்சே உள்ள வருவார். எந்தத் தகவலை எந்த நேரத்துல சொல்றதுங்கிறதுதான் என் வேலையில முக்காவாசி. கலர் எல்லாம் கடைசி அரை மணி நேர வேலை.

நம்பர் இல்லைன்னு வேற சொல்லக்கூடாதுல்ல, அதுவும் சொல்றேன். ஜாரெட் ஸ்பூல்னு ஒரு நிபுணர் 2009ல எழுதினது எங்க தொழில்ல ரொம்பப் பிரபலம். ஒரு பெரிய ஆன்லைன் கடை. வாங்கறதுக்கு முன்னாடி "பதிவு செய்யவும்"னு பட்டன் வெச்ச ஒரு பக்கம். புதுசா வந்தவங்களுக்கு எரிச்சல், பழையவங்களுக்கு எந்த ஈமெயில் கொடுத்தோம், என்ன பாஸ்வேர்ட்னு ஞாபகமில்ல. அந்தப் பட்டனை எடுத்துட்டு "தொடரவும்"னு போட்டு, வாங்கறதுக்குக் கணக்கு தேவையில்லைன்னு கீழ ஒரு சின்னக் குறிப்பு எழுதினாங்க. வாங்கி முடிச்சவங்க எண்ணிக்கை 45 சதவீதம் ஏறிச்சு. முதல் வருஷத்துல 30 கோடி டாலர் கூடுதல்னு எழுதியிருக்கார்.

கல்லாப்பெட்டி

நல்ல கதை. கடை பேர் என்ன? அவர் சொல்லலையே? சைட்டை எளிமையாக்க ஆலோசனை சொல்லிப் பிழைக்கிற ஒருத்தர், பேர் சொல்லாத ஒரு கடையைப் பத்தி எழுதினதை நான் அப்படியே நம்பணுமாக்கும்.

பேரோட நான் ஒண்ணு சொல்றேன். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், பிரிட்டன்ல பெரிய கடை. 2014 பிப்ரவரியில சுமார் 15 கோடி பவுண்ட் போட்டுப் புது சைட் திறந்தாங்க. பளபளன்னு பத்திரிகை மாதிரி பக்கங்கள். அடுத்த நிதியாண்டோட முதல் காலாண்டுலயே ஆன்லைன் விற்பனை 8.1 சதவீதம் விழுந்துச்சு. அவ்வளவு பெரிய கடைக்கே இந்தக் கதின்னா என்னை மாதிரி ஆள் எதுக்குக் கைவைக்கணும்?

பூச்சிபிடிப்பவன்

சார், அதே மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர்ல நடந்த இன்னொண்ணை விட்டுட்டீங்க. புது சைட்டுக்கு மாறினப்போ பழைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் மறுபடி பதிவு செய்யணும்னு சொன்னாங்க. பல வருஷமா வாங்கிட்டிருந்தவங்க வாசல்ல நின்னு பேர், முகவரி, பாஸ்வேர்ட் எல்லாம் முதல்ல இருந்து. ஸ்பூல் சொன்ன அதே பதிவுப் பக்கம், தலைகீழா. ஒருத்தர் எடுத்தார், ஏறிச்சு. இன்னொருத்தர் வெச்சார், இறங்கிச்சு.

கல்லாப்பெட்டி

இறங்கினதுக்கு அது ஒண்ணுதான் காரணம்னு உங்களால நிரூபிக்க முடியுமா?

பூச்சிபிடிப்பவன்

முடியாது. பளபளப்புதான் காரணம்னு நீங்களும் நிரூபிக்க முடியாது. எல்லாத்தையும் ஒரே ராத்திரியில மாத்தினா எது கெடுத்துதுன்னு யாருக்குமே தெரியாது. அதனாலதான் முழுசா மாத்தாதீங்கன்னு சொல்றேன். ஒண்ணை மாத்துங்க, பாதிப்பேருக்கு மட்டும் காட்டுங்க, மீதிப்பேர் பழசையே பார்க்கட்டும், ரெண்டு எண்ணையும் பக்கத்துல வையுங்க.

பழைய மோடம்

சின்னக் கடைக்கு அது சரிப்படாது தம்பி. ஒரு நாளைக்கு நாலு ஆர்டர் வர்ற இடத்துல பாதிப்பேருக்குக் காட்டினா ரெண்டு ரெண்டு பேர். அதுல என்ன தெரியும்? சொந்தக்காரங்க ஒருத்தரைக் கூப்பிட்டு, கையில போனைக் குடுத்து, "இதுல ஒண்ணு வாங்கிக் காட்டு"ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டுப் பக்கத்துல உட்காருங்க. உதவி பண்ணக் கூடாது, அதான் கஷ்டம்.

நேர்கோடு

ஐயா சொல்றது நூத்துக்கு நூறு. அளக்கணும்னா இன்னொண்ணு, சைட் முகவரியைப் போட்டா கூகுள் இலவசமாவே அளந்து காட்டுது. பக்கத்தோட முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள்ள தெரியணும். அழுத்தினா 200 மில்லிவிநாடிக்குள்ள பதில் வரணும், இந்த அளவுகோல் 2024 மார்ச்ல வந்தது. மூணாவது, பக்கம் குதிக்கக் கூடாது. "கார்ட்டில் சேர்" மேல விரல் இறங்கற நேரத்துல மேல ஒரு ஆஃபர் பட்டை லோட் ஆகி எல்லாத்தையும் கீழ தள்ளி, விரல் விளம்பரத்து மேல விழுமே, அந்தக் குதி. அதுக்கும் ஒரு மதிப்பெண் இருக்கு, 0.1க்குள்ள இருந்தா நல்லது. மூணும் வர்றவங்கள்ல 75 சதவீதம் பேருக்காவது இப்படி இருக்கணும். சார், உங்க சைட்டைப் போட்டுப் பார்த்தீங்களா?

கல்லாப்பெட்டி

போட்டுப் பார்த்தேன். முதல் ரெண்டும் பச்சை. குதிக்கறது மட்டும் மஞ்சள்.

ஆனா மேடம், உங்க கூட்டத்தைப் பத்தி இன்னொரு கணக்கும் இருக்கு. "இன்னும் 2 மட்டுமே மீதம்", ஓடிக்கிட்டே இருக்கிற கடிகாரம், தானா டிக் ஆகியிருக்கிற இன்சூரன்ஸ் பெட்டி, மைக்ரோஸ்கோப் வெச்சுத் தேடினாலும் கிடைக்காத "வேண்டாம்" பட்டன். இதெல்லாம் வரைஞ்சது யாரு? கடைக்காரனா?

நேர்கோடு

கேட்டது கடைக்காரர், வரைஞ்சது எங்க ஆளுங்க. மறுக்கல. இதுக்கு "டார்க் பேட்டர்ன்"னு 2010ல ஹாரி பிரிக்னல் பேர் வெச்சதுகூட உள்ளே இருந்து வந்த எதிர்ப்புதான், அவரும் இதே தொழில். முன்கூட்டியே டிக் போட்டுக் கூடுதல் காசு வாங்கறதை ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஜூன்ல இருந்து தடுத்தாச்சு. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? இது வேலை செய்யுதுன்னுதானே தடை போடறாங்க. ஒரு டிக் மார்க்கை மாத்தி வெச்சா ஜனங்க பணம் கட்டற விதமே மாறுதுன்னா, டிசைனால எதுவும் ஆகாதுன்னு நீங்க முதல்ல சொன்னது என்ன ஆச்சு?

வாங்க மட்டும்

அந்த இன்சூரன்ஸ் டிக் ஒரு கடையில என்கிட்ட காசு வாங்கிடுச்சு. வாங்கினது வாங்கினதுதான், அதுக்கப்புறம் அந்தப் பக்கமே நான் போறதில்ல. இதை எந்த அனலிட்டிக்ஸ் காட்டும்?

பூச்சிபிடிப்பவன்

எதுவும் காட்டாது.

கல்லாப்பெட்டி

சரி, நான் மொத்தமா மாத்தப் போறதில்ல, அது முடிவு. ஒரே ஒரு இடத்துல கைவைக்கணும்னா எங்க?

பூச்சிபிடிப்பவன்

செக்அவுட் ஃபார்ம். எத்தனை பெட்டி இருக்குன்னு எண்ணுங்க. பார்சல் போய்ச் சேரத் தேவையில்லாத பெட்டி எல்லாத்தையும் தூக்குங்க. நம்பர் கேட்கிற இடத்துல நம்பர் கீபோர்டு வரணும். தப்பு இருந்தா அந்தப் பெட்டிக்குக் கீழயே சொல்லணும்.

நேர்கோடு

எனக்குப் பொருள் பக்கம்தான் முதல்ல. கையில பிடிச்ச மாதிரி ஒரு போட்டோ, அளவு தெரியற மாதிரி. திருப்பி அனுப்பற விதி அதே பக்கத்துல. ஆனா தம்பி சொல்றது சீக்கிரம் முடியும், அதை முதல்ல பண்ணுங்க. அப்படியே முகப்புல ஓடிக்கிட்டிருக்கிற அந்த அஞ்சு பேனரையும் எடுத்துடுங்க சார், குதிக்கறதுக்குக் காரணம் அதுவாத்தான் இருக்கும்.

கல்லாப்பெட்டி

ஃபார்மைப் பார்க்கிறேன். ஷிப்பிங்கை மேல எழுதறேன். பேனர்ல கைவைக்க மாட்டேன், அதுலதான் ஆஃபரே இருக்கு.

நேர்கோடு

அமெரிக்காவுல நோட்டர்டேம் பல்கலைக்கழக சைட்ல 2013ல எண்ணிப் பார்த்தாங்க. ஓடற பேனரை அழுத்தினது வந்தவங்கள்ல சுமார் 1 சதவீதம். அதுலயும் பெரும்பாலும் முதல் படத்தை மட்டும்.

கல்லாப்பெட்டி

அது காலேஜ், என்னுது கடை. என் பேனரை எத்தனை பேர் அழுத்தறாங்கன்னு நானே எண்ணிட்டு வர்றேன். அதுவரைக்கும் அது ஓடும்.

பழைய மோடம்

முதல் பேனரை மட்டும் நிறுத்தி வெச்சு எண்ணுப்பா. ஓடறதை எண்ணினா சண்டை மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.