அண்ணனுக்கு முட்டிக்குக் கீழே கால் எடுத்துவிட்டார்கள், செயற்கைக் கால் நிஜமாகவே உதவுமா?

தூங்காத_தம்பி:
வணக்கம். என் அண்ணனுக்கு 41 வயது. இரண்டு மாதம் முன்பு விபத்தில் இடது கால் நசுங்கி, முட்டிக்கு ஒரு சாண் கீழே எடுத்துவிட்டார்கள். தையல் பிரித்தாகிவிட்டது, புண்ணும் ஆறிவிட்டது. இரண்டு க்ரட்ச் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கலாம், ஆனால் நடப்பதில்லை, நாள் முழுக்கக் கட்டில்தான். செயற்கைக் கால் போடலாம் என்று டாக்டர் சொன்னதற்கு "அதெல்லாம் பார்க்கிறவர்களுக்காக, எனக்கெதற்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெட்டில் தேடினால் ஒரு பக்கம் செயற்கைக் காலோடு பந்தயம் ஓடுகிறவர்கள், இன்னொரு பக்கம் வாங்கி மூலையில் போட்டுவிட்டோம் என்கிறவர்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சாதாரண ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. போட்டு வாழ்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அன்றாடத்தில் என்ன மாறியது, என்ன மாறவே இல்லை? இன்னொன்று, இல்லாத பாதம் அரிக்கிறது, கட்டைவிரல் முறுக்குகிறது என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். கால் போட்டால் அந்த வலி போகுமா, கூடுமா?

இடதுசெருப்பு:
தம்பி, எனக்கும் இடது கால், முட்டிக்குக் கீழே, ஒன்பது வருடம் ஆகிறது. உங்கள் அண்ணன் பேசிய வசனத்தை நானும் பேசியிருக்கிறேன்.

செயற்கைக் கால் எனக்கு முதலில் திருப்பிக் கொடுத்தது கைகளைத்தான். க்ரட்ச் பிடிக்கிற வரைக்கும் இரண்டு கையும் அதற்கே போய்விடும், ஒரு டம்ளர் தண்ணீரை அடுத்த அறைக்குக் கொண்டுபோக முடியாது, மழையில் குடை பிடிக்க முடியாது, கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவதே ஒரு வித்தை. என் மகளுக்கு அப்போது ஒரு வயது. யாராவது தூக்கி வந்து மடியில் வைத்தால்தான் அவள் எனக்கு. கால் போட்ட மூன்றாவது மாதம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் வரைக்கும் போனேன், பதினைந்து அடி இருக்கும். என் மனைவி பின்னாலேயே கையை விரித்துக்கொண்டு வந்தாள், விழுந்தால் யாரைப் பிடிப்பதாக இருந்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

சரி, கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பாதத்தைப் பற்றியே கேட்பார்கள், கார்பனா ரப்பரா என்று. பாதம் முக்கியம்தான். வேன் பிலிப்ஸ் என்ற அமெரிக்கருக்கு 21 வயதில் கால் போனது, கொடுத்த கட்டைப் பாதம் பிடிக்காமல் அவரே கார்பன் ஃபைபரில் ஒன்று செய்து 1984-ல் கம்பெனியும் தொடங்கினார், இன்று பந்தயத்தில் பார்க்கும் வளைந்த தகடெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். எடை விழும்போது வில் மாதிரி வளைந்து, காலைத் தூக்கும்போது உந்திவிடும். ஆனால் எவ்வளவு உயர்ந்த பாதமாக இருந்தாலும், மிச்சக் கால் உட்காருகிற சாக்கெட் சரியில்லை என்றால் அத்தனையும் வீண். என் முதல் சாக்கெட் தளர்ந்துவிட்டது, நானோ வலித்தால் பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன், தோல் கிழிந்து ஐந்து வாரம் காலே போட முடியாமல் போனது. வலித்தால் வீரம் காட்டாமல் செய்து கொடுத்தவரிடம் உடனே போகச் சொல்லுங்கள். எனக்கு முதல் வருடத்திலேயே சாக்கெட்டை மாற்ற வேண்டி வந்தது, பலருக்கும் அப்படித்தான், ஏனென்றால் மிச்சக் கால் மாதக் கணக்கில் வற்றிக்கொண்டே போகும்.

ஒரே நாளுக்குள்ளும் அது சுருங்கும். காலையில் இறுக்கமாக இருப்பது மாலையில் லொடலொட. அதற்காக மெல்லியது, தடித்தது என்று துணி உறைகள் தருவார்கள், நடுவில் கழற்றி ஒரு உறை கூடப் போட்டுக்கொள்ள வேண்டும். என் பையில் எப்போதும் இரண்டு இருக்கும்.

மாறாதது? வியர்வை. சாக்கெட்டுக்குள் தோலை ஒட்டிப் போடுகிற லைனர் என்ற உறையைக் கழற்றிக் கவிழ்த்தால் தண்ணீர் சொட்டுகிற நாட்கள் உண்டு. அப்புறம் ராத்திரி பாத்ரூம். அந்த நேரத்தில் யாரும் காலை மாட்டிக்கொண்டு இருக்க மாட்டோம், க்ரட்ச் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிற்கும், ஒன்பது வருடமாக.

இயன்முறை_ஆள்:
நான் பிசியோதெரபிஸ்ட். கால் வாங்குவதா வேண்டாமா என்பது இருக்கட்டும், நாள் முழுக்கக் கட்டில் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. முட்டிக்கு அடியில் தலையணை வைத்திருக்கிறாரா? வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகிவிட்டால் பிறகு நீட்ட வராது, நீட்ட வராத முட்டிக்கு நல்ல சாக்கெட் செய்வதும் கஷ்டம், நடப்பதும் கஷ்டம். உட்காரும்போது மிச்சக் காலை நீட்டி ஒரு பலகை மேல் வைக்கட்டும். டாக்டர் தடுக்கவில்லை என்றால் தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கட்டும், இடுப்பும் இறுகாமல் இருக்கும். வீக்கம் வற்றுவதற்கு எலாஸ்டிக் பேண்டேஜ் அல்லது இறுக்கமான உறை தந்திருப்பார்கள். பேண்டேஜை எட்டு போடுகிற மாதிரி குறுக்காகச் சுற்ற வேண்டும், நுனியில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. வளையம் வளையமாகச் சுற்றினால் ரத்த ஓட்டம் தடைபடும்.

கால் வந்ததும் முதல் நாளே நாள் முழுக்கப் போடக்கூடாது. கொஞ்ச நேரம், கழற்று, தோலைப் பார், மறுபடி கொஞ்ச நேரம். அடிப்பக்கம் தெரியாது, கைக்கண்ணாடி வேண்டும். சிவந்திருந்தால் பயப்பட வேண்டாம், சில இடங்களில் அழுத்தம் விழுகிற மாதிரிதான் சாக்கெட்டைச் செய்கிறார்கள். அந்தச் சிவப்பு பத்து இருபது நிமிடத்தில் மறையவில்லை என்றால்தான் கவலை.

சீக்கிரம் களைப்பார், அதற்கும் தயாராக இருங்கள். முட்டிக்குக் கீழே போனவர்களுக்கு அதே தூரம் நடக்க 20 முதல் 40 சதவீதம் வரை கூடுதல் சக்தி ஆகும் என்பார்கள், முட்டிக்கு மேலே என்றால் 60 சதவீதத்துக்கும் மேல். அதனால் உடம்பு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைச் சோம்பல் என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

வலியைப் பற்றி. போன கால் வலிப்பது மனப்பிரமை இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த வியர் மிட்செல் 1871-லேயே இதைப் பற்றி எழுதிப் பெயரும் வைத்தார். மூளையில் அந்தப் பாதத்துக்கான இடம் அப்படியேதான் இருக்கிறது, தகவல் வருவதுதான் நின்றுவிட்டது. 1990-களில் வி. எஸ். ராமச்சந்திரன் என்ற மூளை ஆராய்ச்சியாளர் கண்ணாடி வைத்து ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். இரண்டு காலுக்கும் நடுவில் நீளவாக்கில் கண்ணாடியை வைத்து, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டு பாதத்தையும் அசைப்பதாக நினைத்து விரல்களை மெதுவாக விரிக்க வேண்டும். முறுக்கிக்கொண்ட கட்டைவிரல் சிலருக்கு அப்படியே பிரிந்துவிடும், சிலருக்கு ஒன்றும் நடக்காது. செயற்கைக் கால் போட்டு நடக்க ஆரம்பித்ததும் வலி குறைந்தது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், உறுதி கொடுக்க முடியாது. தூக்கம் கெடுகிற அளவுக்கு இருந்தால் நரம்பு வலிக்குத் தனி மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள்.

தூங்காத_தம்பி:
தலையணை இருந்தது. நானே வாங்கி நானே வைத்தது. எடுத்துவிட்டேன், அண்ணன் திட்டுகிறார்.

முட்டிக்கு_மேலே:
தம்பி, உங்கள் அண்ணனுக்குச் சொந்த முட்டி இருக்கிறது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னை மாதிரி ஆட்களிடம் கேளுங்கள். எனக்குத் தொடையோடு போனது. முதல் ஆறு வருடம் சாதாரண மெக்கானிக்கல் முட்டி, நடக்கும்போது மனசெல்லாம் முட்டியிலேயே இருக்கும், குதிகாலைச் சரியாக வைத்தேனா, பூட்டிக்கொண்டதா என்று. பக்கத்தில் வருகிறவர் பேசினால் நின்று பதில் சொல்லிவிட்டு மறுபடி நடப்பேன். சரிவில் இறங்கும்போது மடங்கி விழுந்து முகத்தில் அடிபட்டதெல்லாம் உண்டு.

இப்போது சிப் வைத்த முட்டி. இந்த வகையில் பெயர் வாங்கிய சி-லெக் என்பதை ஓட்டோ பாக் (Otto Bock) கம்பெனி 1997-ல் கொண்டுவந்தது, அந்த முதல் மாடலே வினாடிக்கு 50 தடவை காலின் கோணத்தையும் எடையையும் அளந்து, உள்ளே இருக்கும் எண்ணெயின் எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும். தடுக்கினால் சட்டென்று இறுகிக்கொண்டு விழாமல் பிடித்துக்கொள்ளும். என் கணக்கில் இதனால் கிடைத்த லாபம் வேகம் இல்லை. நடந்துகொண்டே பேச முடிகிறது, அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நடக்க முடிகிறது. ராத்திரி போனைச் சார்ஜில் போடும்போது காலையும் போட வேண்டும், மறந்தால் மறுநாள் கட்டைக்காலோடு திண்டாட வேண்டியதுதான்.

கொக்கி:
எல்லோரும் நல்ல கதையாகச் சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எனக்குப் போனது வலது கை, முழங்கைக்குக் கீழே. தசையின் மின்சார சமிக்ஞையைப் பிடித்து விரல் மடங்குகிற கை வாங்கினேன். பார்க்க அழகு. ஆனால் கனம், தொடு உணர்வு கிடையாது, பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வருடத்தில் அலமாரிக்குப் போய்விட்டது. மூலையில் போட்டவர்கள் என்று எழுதினீர்களே, அதில் நானும் ஒருவன், பெரிய வெட்கமெல்லாம் இல்லை. கை விஷயத்தில் இது சகஜம், ஏனென்றால் ஒரு நல்ல கை முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். கால் அப்படி இல்லை, ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் துள்ளுவது?

இப்போது நான் பட்டறையில் போடுவது தோள்பட்டையை அசைத்தால் கம்பி இழுத்துத் திறக்கிற இரும்புக் கொக்கி. டாரன்ஸ் என்பவர் 1912-ல் காப்புரிமை வாங்கிய வகை, நூறு வருடம் தாண்டியும் பெரிதாக மாறவில்லை. கம்பியின் இழுவையிலேயே பிடி எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தோளுக்குத் தெரியும். வேலை முடிந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஒற்றைக் கையோடு வீட்டுக்குப் போகிறேன்.

அதனால் அண்ணனை வற்புறுத்தாதீர்கள். அந்தக் காலை வைத்து என்ன செய்ய ஆசைப்படுகிறார் என்று கேளுங்கள். அவருக்கே ஒரு காரணம் வேண்டும்.

இடதுசெருப்பு:
கொக்கி சொல்வது சரி. நான் விட்டுப்போன ஒன்று: காலை அளவெடுத்துச் சரிபார்க்கும்போது தினமும் போடப்போகிற செருப்பையோ ஷூவையோ கொண்டுபோக வேண்டும். அந்தக் குதிகால் உயரத்துக்குத்தான் பாதத்தின் கோணத்தை வைப்பார்கள். பிறகு உயரமான குதிகால் போட்டால் முட்டி முன்னால் தள்ளும், தட்டையாகப் போட்டால் மேடு ஏறுவது மாதிரி பின்னால் இழுக்கும். வெறுங்காலோடும் நடக்க வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 1968-ல் வந்த ஜெய்ப்பூர் கால் பிரபலமானதே அதனால்தான், ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் ஷூ இல்லாமல் நடக்கவும் குந்தி உட்காரவும் வருகிற மாதிரி ரப்பரில் செய்தார்கள்.

தூங்காத_தம்பி:
எல்லோருக்கும் நன்றி. கொக்கி அண்ணா சொன்னபடியே கேட்டேன். பதிலே சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்று காலையில் அவராகவே, செயற்கைக் காலோடு ஏணி ஏறலாமா என்று அந்த ஆட்களிடம் கேள் என்றார். அண்ணன் எலக்ட்ரீஷியன்.

இடதுசெருப்பு:
ஏறலாம், நான் ஏறுகிறேன். படியில் விரல் பக்கத்தை வைக்காமல் பாதத்தின் நடுப்பகுதியை வைக்க வேண்டும், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். இறங்குவதுதான் தகராறு, பாதம் படியில் உட்கார்ந்ததா என்று உணர்வில் தெரியாது, ஒவ்வொரு படிக்கும் குனிந்து பார்க்க வேண்டும். முதல் ஆறு மாதம் பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லுங்கள். முதல் தடவை ஏறும்போது கீழே நீங்கள் ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.